சிவப்புக் கொட்டகைக் கொலை: அந்தக் கனவை நாவலில் என்ன செய்வது?

பழுப்புத்தாள்:

இரண்டு வருடமாக ஒரே அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சரித்திரத் துப்பறியும் கதைகளைக் கரைத்துக் குடித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கொட்டிவிடுகிறேன்.

வழக்கு தெரியாதவர்களுக்காக: இங்கிலாந்தில் சஃபோக், அதில் போல்ஸ்டெட் என்ற கிராமம். 1827 மே 18, வெள்ளிக்கிழமை. மண்ணுக்கடியில் வளை தோண்டும் அகழெலிகளைப் பிடிக்கும் தொழில் செய்த தாமஸ் மார்ட்டனின் மகள் மரியா, 25 வயது, ஆண் உடை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். பண்ணைக்கார வீட்டுப் பிள்ளை வில்லியம் கோர்டரோடு இப்ஸ்விச் போய்க் கல்யாணம் செய்துகொள்வதாக ஏற்பாடு. சந்திக்கும் இடம் கோர்டர் பண்ணையின் தானியக் கொட்டகை. ஊர் வாயில் அது 'சிவப்புக் கொட்டகை'. அதன்பின் அவளை யாரும் பார்க்கவில்லை. அவன் மட்டும் அவள் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஊரைவிட்டுப் போன பிறகு கடிதமும் போட்டான். வைட் தீவில் குடியிருக்கிறோம் என்றான். கையில் அடி, அதனால் அவளால் எழுத முடியவில்லை, எழுதியது வழியில் தொலைந்திருக்கும் என்று விதவிதமாகச் சாக்குச் சொன்னான்.

1828 ஏப்ரல் 19. தாமஸ் தன் தொழில் கருவியான குத்துக்கோலை எடுத்துப் போய்க் கொட்டகைத் தரையைக் குத்திப் பார்க்கிறார். ஓரிடத்தில் மண் இளகிக் கிடக்கிறது. தோண்டினால் சாக்கு. சாக்குக்குள் மகள். கழுத்தில் கோர்டரின் பச்சைக் கைக்குட்டை.

பதினொரு மாதம் கழித்து அந்த மனிதர் ஏன் அங்கே போய்க் குத்தினார்? அவருடைய இரண்டாம் மனைவி ஆன், மரியா கொலையுண்டு அந்தக் கொட்டகையில் புதைந்து கிடப்பதாகக் கனவு கண்டேன் என்று சொன்னதால்.

இதுதான் என் தலைவலி. கனவை வைத்தால் துப்பறியும் கதை வாசகர் புத்தகத்தை வீசிவிடுவார். துப்பு வானத்திலிருந்து விழுந்தால் அப்புறம் என்ன துப்பறிதல்? கனவை எடுத்துவிட்டால் அது இந்த வழக்கே இல்லை. என்ன செய்யலாம்?

கூகை:

வழக்கையே மாத்துங்க பாஸ். கொலைகாரன் யாருன்னு அட்டையைப் பார்த்தாலே தெரியுது. விடை தெரியாத வழக்கு எத்தனையோ இருக்கு. ஜெர்மனியில பவேரியாவுல ஹின்டர்கைஃபெக் பண்ணை, 1922 மார்ச் 31 ராத்திரி, வீட்டுல இருந்த ஆறு பேரும் காலி. ஏப்ரல் 4தான் ஊர்க்காரங்க உள்ள போய்ப் பார்த்தாங்க. நடுவுல அத்தனை நாளும் மாட்டுக்குத் தீனி போயிருக்கு, புகைபோக்கில புகை வந்திருக்கு. கொன்னவன் அங்கேயே தங்கி மாடு மேய்ச்சிருக்கான்! இன்னைக்கு வரைக்கும் யாருன்னு தெரியாது. இதை விட்டுட்டுக் கனவைப் பிடிச்சுத் தொங்குறீங்க.

பழுப்புத்தாள்:

கூகை, அதில் எழுத ஆசைதான். ஆனால் தீராத வழக்கை எடுக்கிற எழுத்தாளன் கடைசியில் ஒருவனைக் காட்டி 'இவன்தான்' என்று சொல்லியே ஆகவேண்டிய கட்டாயத்துக்கு வந்துவிடுகிறான். நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஏதோ ஒரு பக்கத்து வீட்டுக்காரன் தலையில் ஆறு கொலையைக் கட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. போல்ஸ்டெட்டில் அந்தத் தொல்லை இல்லை. யார் என்று தெரியும். கோர்டர் தூக்குக்கு முன் ஒப்புக்கொண்டும்விட்டான். அவள் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது தற்செயலாகத் துப்பாக்கி வெடித்தது என்று ஒரு சப்பைக்கட்டோடு. எனக்குக் குடைச்சல் வேறு இடத்தில்: ஊருக்கு எப்படித் தெரிந்தது, எப்போது தெரிந்தது.

வாய்தா:

தொழில் வக்கீல் வேலை, ஓய்வில் பழைய வழக்குகள் படிப்பது. கனவுக்குப் பிறகு வருகிறேன், முதலில் ஒரு கேள்வி: உங்கள் நாவலில் துப்பறிபவர் யார்? அதை முடிவு செய்யாமல் கனவைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை.

1828இல் அந்தக் கிராமத்தில் போலீஸ் கிடையாது. லண்டன் மாநகரப் போலீசே 1829இல்தான் வருகிறது, அதில் துப்பறியும் பிரிவு 1842இல். மாவட்டங்கள் போலீஸ் வைத்துக்கொள்ள வழிசெய்த சட்டம் 1839. போல்ஸ்டெட்டில் இருந்தது பாரிஷ், அதாவது சர்ச் வட்டார, கான்ஸ்டபிள். பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஆள், பண்ணைக்காரரைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுகிறவர். பிணம் கிடைத்தால் கொரோனர் வந்து மரண விசாரணை நடத்துவார். பிணம் கிடைக்காதவரை 'காணவில்லை' என்று பதிவுசெய்து தேடுவதற்கு ஓர் ஆளும் இல்லை. நம் ஆட்கள் எழுதும் சரித்திரத் துப்பறியும் கதைகளில் பாதி இங்கேதான் கவிழ்கின்றன. 1820களில் ஓர் இன்ஸ்பெக்டர் நோட்டுப்புத்தகத்தோடு வந்து நின்று காலடித் தடத்தை அளப்பார். அவருக்குச் சம்பளம் யார் கொடுத்தது?

பிணம் கிடைத்த பிறகு வந்தவர் லண்டன் லாம்பெத் தெரு மாஜிஸ்திரேட் அலுவலகத்தைச் சேர்ந்த அதிகாரி ஜேம்ஸ் லீ. கோர்டர் அதற்குள் பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரம் கொடுத்து, மேரி மூர் என்பவரை மணந்து, பிரென்ட்ஃபர்டில் பெண்களுக்கான விடுதி நடத்திக்கொண்டிருந்தான். லீ தன் மகளைச் சேர்க்க வந்ததாகப் பொய் சொல்லி உள்ளே நுழைந்தார். கோர்டர் வீட்டு அங்கியோடு, எதிரே கடிகாரத்தை வைத்து முட்டை வேகும் நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தானாம். வீட்டில் பிரெஞ்சுத் தூதரிடம் வாங்கிய பாஸ்போர்ட் கிடைத்தது. ஆக, லீ கண்டுபிடித்தது ஆளை. கொலையைக் கண்டுபிடித்தது அகழெலி பிடிப்பவர். உங்கள் துப்பறிவாளர் அவர்தான் ஐயா. மண்ணைப் பார்த்து அடியில் என்ன ஓடுகிறது என்று சொல்வதுதான் அவர் தொழிலே.

உழவுகோல்:

வாய்தா சார் சொன்ன கடைசி வரிக்கு ஒரு கும்பிடு.

பண்ணை வேலை தெரிஞ்சவன் என்ற முறையில நான் ஒண்ணு சேர்க்கிறேன். மே மாசம் கொட்டகை காலியா இருக்கும், போன வெள்ளாமை தீர்ந்திருக்கும். ஆகஸ்ட் செப்டம்பர்ல அறுத்த கதிர் உள்ள வந்துட்டா தரை கண்ணுக்கே தெரியாது. குளிர்காலம் பூரா போரடிச்சுப் போரடிச்சுக் கதிர் குறையும். வசந்தத்துல மறுபடி தரை தெரியும். மே மாசம் புதைச்சது, ஏப்ரல்ல எடுத்தது. நாவல்ல இந்தக் கணக்கை வச்சாலே போதும், கனவு ஏன் அந்தக் குளிர்காலத்துல வந்துச்சுன்னு யாரும் வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம். கதிர் குறையக் குறைய ஒருத்திக்குத் தூக்கம் போகுது. அவ்வளவுதான்.

இன்னொண்ணு. சிவப்புன்னதும் அட்டைப்படத்துல மொத்தக் கொட்டகைக்கும் சிவப்புப் பெயின்ட் அடிச்சுடாதீங்க. கூரையில ஒரு பக்கம் சிவப்பு ஓடு, மத்தது வைக்கோல் வேய்ஞ்சது. அதனால வந்த பேர்னு சொல்றாங்க.

நள்ளிரவு வாசகி:

எல்லாரும் கனவை ஒரு பிழை மாதிரியே பேசுகிறீர்கள். துப்பறியும் கதையின் விதிப்படி அது பிழை, சரி. அந்த வீட்டுக்குள் இருந்து பாருங்கள்.

ஆனுக்கு என்னென்ன தெரியும்? மரியா கிளம்பியது எங்கே போக என்று தெரியும். அன்றிலிருந்து அவள் கையெழுத்தில் ஒரு வரி வரவில்லை என்று தெரியும். மரியாவின் தம்பி ஜார்ஜ், சின்னப் பையன், கோர்டர் கையில் துப்பாக்கியைப் பார்த்தேன், பிறகு கொட்டகைப் பக்கமிருந்து பிக்காசு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறான். இதையெல்லாம் கூட்டிப் பார்க்கக் கனவு எதற்கு? கூட்டியாகிவிட்டது. சொல்வதுதான் பாக்கி.

எப்படிச் சொல்வது? கோர்டர் வீடு ஊரில் பெரிய வீடு. மார்ட்டன் வீடு கூலி வீடு. மரியாவுக்கோ ஏற்கெனவே கல்யாணமாகாமல் பிள்ளைகள் பிறந்து ஊர் வாயில் விழுந்தவள் என்ற பெயர். அப்படிப் பெற்றதற்காகப் பாரிஷ் அதிகாரிகள் உன்மேல் நடவடிக்கை எடுக்கப் போகிறார்கள் என்று பயமுறுத்தித்தான் அவன் அவளை அவசரமாகக் கிளப்பியதே. இந்த நிலையில் அந்த வீட்டு இரண்டாம் மனைவி எழுந்து 'பண்ணைக்காரர் மகன் கொன்றுவிட்டான், கொட்டகையைத் தோண்டுங்கள்' என்றால் அவள் கதி என்ன? 'எனக்கு ஒரு கனவு வந்தது' என்றால் யாரும் வழக்குப் போட முடியாது. பொய் என்று ஆனாலும் கெட்ட கனவுதானே என்று போய்விடும்.

அந்த வீட்டுப் பெண்ணுக்குக் குற்றம் சாட்டக் கிடைத்த ஒரே மொழி அது. அப்படி எழுதினால் கனவு துப்பாகவே இருக்கும், மந்திரமாக இருக்காது.

கூகை:

அக்கா, அழகாத்தான் இருக்கு. ஆனா இதே ஆன் பத்தி வேற ஒரு பேச்சும் இருக்கே. அவளுக்கும் மரியாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. கோர்டரோட அவளுக்குத் தொடர்பு, கொலையிலயும் பங்கு, அவன் வேற ஒருத்தியைக் கட்டிக்கிட்டான்னு தெரிஞ்சதும்தான் கனவு வர ஆரம்பிச்சுதுன்னு பின்னால வந்தவங்க சொல்றாங்க. இதை எடுத்துக்கிட்டா நாவல் பட்டாசு. கடைசி அத்தியாயத்துல திருப்பம் ரெடி.

நள்ளிரவு வாசகி:

ரெடி என்பதுதான் அதன் குறை. மாற்றாந்தாய் கெட்டவள், கனவு பொறாமை. எத்தனை தடவை படிப்பது? ஆதாரம் என்று கையில் ஒன்றும் இல்லை, தேதிகளை ஒட்டவைத்துச் செய்த யூகம் மட்டும்தான். அந்த வீட்டில் காரியம் செய்த ஒரே ஆளைக் குற்றவாளியாக்கி விருது வாங்குவீர்கள் போலிருக்கிறது.

கூகை:

விருது கொடுத்தா வேண்டாம்னா சொல்வேன்.

வாய்தா:

இருவருக்கும் நடுவில் புகுந்து சட்டம் சொல்கிறேன். இங்கிலாந்துச் சட்டப்படி இறந்தவர்களுக்கு அவதூறு வழக்குக் கிடையாது. ஆன் என்ற அந்தப் பெண்ணைக் கொலைகாரி ஆக்கினால் அங்கே கோர்ட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க முடியாது என்பதற்காக எழுதலாமா என்பது எழுதுகிறவரின் பாடு. என் தனிப்பட்ட கோடு இது: ஆவணம் சொல்வதை எழுதினால் நிஜப் பெயர் இருக்கட்டும். ஆவணத்துக்கு எதிராக ஒருவர் கையில் ரத்தம் பூசுவதென்றால் பெயரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள். போல்ஸ்டெட் என்று போட்டுக்கொண்டு அதன் கவர்ச்சியையும் வாங்கிக்கொண்டு, பொறுப்பை மட்டும் 'கற்பனை' என்று தள்ளிவிடுவது வியாபாரம்.

இன்னொரு விஷயம், விசாரணைக் காட்சி எழுதுவதாக இருந்தால். கோர்டரின் வக்கீல் எழுந்து ஜூரியைப் பார்த்து உருக்கமாகப் பேசும் காட்சி இருந்தால் இப்போதே கிழித்துவிடுங்கள். பெருங்குற்ற வழக்குகளில் கைதிக்காக வக்கீல் ஜூரியிடம் வாதுரை செய்யும் உரிமை 1836 சட்டத்தில்தான் வந்தது. அதற்கு முன் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், அவ்வளவே. கைதி சத்தியப்பிரமாணம் செய்து சாட்சியும் சொல்ல முடியாது. ஆகவே 1828 ஆகஸ்ட்டில், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஷையர் ஹாலில், தன் உயிருக்கான வாதத்தைக் கோர்டர் தானே எழுந்து படித்தான். அவள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டாள் என்று அதில் சொன்னான். ஜூரி 35 நிமிடத்தில் முடிவுக்கு வந்தது.

தீர்ப்பு ஆகஸ்ட் 8, வெள்ளி. தூக்கு ஆகஸ்ட் 11, திங்கள். இது என்ன அவசரம் என்று தோன்றும். அன்றைய முறைப்படி கொலைக்குற்றவாளியைத் தீர்ப்புக்கு மறுநாள் விட்டு அடுத்த நாள் தூக்கிலிட வேண்டும், அது ஞாயிறாக இருந்தால் திங்கள். கருணை மனு, கடைசி நிமிடக் குதிரை வீரன், புதுச் சாட்சி, எதற்கும் நேரம் இல்லை. உங்கள் கதைக்கு இதைவிட இறுக்கமான கடிகாரம் நீங்களே கற்பனை செய்தாலும் வராது.

பழுப்புத்தாள்:

வாய்தா சார், வக்கீல் உருக்கமாகப் பேசும் காட்சி பதினேழு பக்கம் இருந்தது. கிழித்தாயிற்று. கொஞ்சம் வலித்தது.

வாசகி சொன்னதைப் படித்ததிலிருந்து வேறு மாதிரி யோசிக்கிறேன். நம் சிலப்பதிகாரத்தில் கண்ணகி தேவந்தியிடம் கனவைச் சொல்கிறாள், பிறகு கோவலன் கொலை நடக்கிறது. அங்கே கனவு வரப்போவதைச் சொல்கிறது. இங்கே நடந்து முடிந்ததைச் சொல்கிறது, அதனால்தான் சந்தேகம் கிளம்புகிறது. முன்னால் வரும் கனவை விதி என்று ஏற்றுக்கொள்கிறோம். பின்னால் வரும் கனவு வாக்குமூலம் மாதிரி காதில் விழுகிறது. இந்த உறுத்தலை நாவல் முழுக்க வாசகர் மனதில் வைத்துக்கொண்டே போகலாம், ஆன்மேல் குற்றம் சுமத்தாமலே.

மட்டுறுத்துநர்:

'விருது' பற்றிய தனிச் சண்டையில் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, கெடுத்துவிடாதீர்கள்.

நள்ளிரவு வாசகி:

மரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வழக்கு நாடக மேடைக்குப் போனதும் அவளைக் கள்ளங்கபடமற்ற கிராமத்துச் சிறுமி ஆக்கிவிட்டார்கள், கோர்டரை வயதில் மூத்த பண்ணையார் ஆக்கிவிட்டார்கள். நிஜத்தில் அவன் அவளைவிட இரண்டு வயது இளையவன். அவள் உலகம் தெரிந்தவள். அவளுடைய ஒரு குழந்தையின் தகப்பன் பீட்டர் மேத்யூஸ் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். கோர்டருக்குப் பெற்ற குழந்தை செத்துப்போயிருந்தது. அதைச் சட்பரியில் அடக்கம் செய்ததாகச் சொன்னான், அங்கே பதிவு எதுவும் கிடைக்கவில்லை. நல்ல பெண்ணாக இருந்தால்தான் அழுவோம் என்கிற வாசகருக்காக அவளைத் திரும்பவும் வெள்ளை அடித்துவிடாதீர்கள், பழுப்புத்தாள்.

கூகை:

அந்த நாடகம் எப்ப போட்டாங்க தெரியுமா? தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே! அந்த வட்டாரத்துலயே பொம்மலாட்டம், நாடகம் எல்லாம் ஓடுது. ஒரு பாதிரியார் கொட்டகைப் பக்கம் ஆயிரக்கணக்குல கூட்டம் சேர்த்துப் பிரசங்கம் பண்றார். அப்புறம் தூக்கு பார்க்க வந்த கூட்டம் ஏழாயிரம்ங்கிறான் ஒருத்தன், இருபதாயிரம்ங்கிறான் இன்னொருத்தன். கயித்தைத் துண்டு போட்டு வித்திருக்காங்க. கொட்டகைப் பலகையைப் பிச்சு எடுத்துட்டுப் போயிருக்காங்க. மரியாவோட கல்லறைக் கல்லையும் கொத்திக் கொத்திக் காலி பண்ணிட்டாங்க.

லண்டன்ல ஜேம்ஸ் காட்நாச்னு ஒரு அச்சுக்காரர் இதைப் பாட்டோட ஒத்தைத் தாளா அடிச்சு வித்தார். பத்து லட்சத்துக்கு மேல போச்சுன்னு சொல்வாங்க.

உழவுகோல்:

அதுக்குத் தமிழ்ல பேரே இருக்கே, கொலைச்சிந்து. சந்தையில நின்னு ராகம் போட்டுப் பாடி, மலிவு விலைக்கு விக்கிற தாள். ஊருக்கு ஊர் மனுஷன் ஒண்ணுதான் போல.

பழுப்புத்தாள்:

கொலைச்சிந்து! இந்தச் சொல் இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லையே. 'ஒற்றைத்தாள் செய்திப் பாடல்' என்று எழுதித் தொலைத்திருந்தேன். அத்தியாயத் தலைப்பே மாற்றிவிட்டேன்.

தோல் விஷயத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்றுதான் குழப்பம். கோர்டரின் உடலை அறுத்துப் பாடம் படித்த பிறகு, தோலைப் பதப்படுத்தி இந்த வழக்கின் புத்தகத்துக்கே மேலட்டை போட்டார்கள். அது இன்றும் பரி செயின்ட் எட்மண்ட்ஸின் மாய்ஸஸ் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலும்புக்கூடு லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் இருந்து, 2004இல்தான் எரியூட்டப்பட்டது.

வாய்தா:

வேண்டாம். உண்மைதான், ஆனால் அதைப் போட்டால் வாசகர் அதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருப்பார். கொலையுண்டவள் மறந்துபோவாள். உடலை அறுப்பது அன்று தண்டனையின் ஒரு பகுதி, 1832 சட்டத்தில்தான் நின்றது. 'உடல் மருத்துவர்களுக்குப் போயிற்று' என்று ஒரு வரி. அதோடு விடுங்கள்.

கூகை:

எனக்கு இதுல உடன்பாடு இல்ல. காசு கொடுத்து வாங்குறவன் அந்தத் தோல் அட்டைக்காகத்தான் வாங்குவான். ஆனா கொட்டகையில இருந்து பலகை பிச்சுட்டுப் போன கூட்டத்துல நானும் ஒருத்தன்னு இப்ப தோணுது, அதனால அமைதியா இருக்கேன்.

பழுப்புத்தாள்:

நேற்று ராத்திரி முதல் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். கனவு வரும் முன்பே தொடங்குகிறது. இந்தப் பகுதியை மட்டும் போடுகிறேன், கை கூசாமல் அடியுங்கள்:

*"எவ்வளவு?" என்றார் தாமஸ். தபால்காரர் சொன்ன தொகையைக் கேட்டு அவர் கை பைக்குள் சற்று நேரம் தங்கியது. இரண்டு நாள் வலை வைத்துப் பிடித்த அகழெலிகளின் விலை. கொடுத்தார். உறையைக் கிழித்து எடுத்து, வெளிச்சத்துக்காகக் கதவோரம் வந்து நின்றார். கோர்டரின் எழுத்து. எப்போதும் அவன் எழுத்துதான்.*

*"நல்லா இருக்காளாம்" என்றார்.*

*ஆன் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "அவ சொல்றாளா, அவன் சொல்றானா?"*

*"அவன்தான். அவளுக்குக் கை வலியாம்."*

*"எந்தக் கை?"*

*தாமஸ் கடிதத்தை மறுபடி பார்த்தார். அதில் அது இல்லை.*

நள்ளிரவு வாசகி:

"எந்தக் கை?" போதும். இனி அவள் கனவு கண்டாலும் கேட்பேன், காணாவிட்டாலும் கேட்பேன்.

உழவுகோல்:

வலை இல்லீங்க, பொறி. அகழெலிக்கு வளைக்குள்ள பொறி வைப்பாங்க. மத்தபடி நெஞ்சுல குத்திடுச்சு.

வாய்தா:

காசு கொடுத்து வாங்குவது சரியான கவனிப்பு. 1840க்கு முன் கட்டணம் பெரும்பாலும் பெறுபவர் தலையில்தான். தன் மகளைப் பற்றிய பொய்யை அந்த மனிதர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் என்பதை நான் இதுவரை யோசித்ததில்லை.

ஆனால் உறையை எடுத்துவிடுங்கள். அப்போது தாள் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம், உறையும் ஒரு தாளாகக் கணக்காகி இரட்டிப்பாகிவிடும். எழுதிய தாளையே மடித்து, அரக்கு ஒட்டி, மேலே முகவரி எழுதி அனுப்புவார்கள். தாமஸ் கிழிக்க வேண்டியது அரக்கை.

பழுப்புத்தாள்:

மாற்றிவிட்டேன். பொறியையும்.